ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் துவாக்குடியைத் தாண்டினால் ஒரு பெரிய அலங்கார வளைவு தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது மீநுண் பொருள் ஆய்வு நிலையம். கண்ணுக்குத் தெரியாதவற்றை ஆராய்வதற்காக ஏற்பட்ட நிறுவனம் என்பதால், கண்ணுக்குத் தெரிகிறவற்றையெல்லாம் தாராளமாகவே கட்டியிருந்தார்கள். வளைவு பெரிது. இயக்குநரின் அறை பெரிது. அந்த அறைக்கு முன்னால் காத்திருப்பவர்களுக்கான அறை அதைவிடப் பெரிது. ஆய்வுக்கூடம் மட்டும் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கேதான் அதிர்வு குறைவு என்று காரணம் சொன்னார்கள். வேலை நடக்காத கட்டடத்தில் எங்கே இருந்தாலும் அதிர்வு குறைவுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த மாடிப்படிக்கு அடியில் ஆசீர் நான்கு வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்தான். பாலக்கரைப் பையன். அப்பா சவரிராயன் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வெளியே வரும்போது, "எப்பப்பா பர்மனன்ட் ஆக்குறாங்க?" என்று கேட்பார். மற்ற நாட்களில் கேட்க மாட்டார். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்.

ஆசீருடைய ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியை அடித்தால், திரும்பி வருகிற ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தை வைத்து அங்கே என்ன மூலக்கூறு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு ராமன் நிறமாலையியல் என்று பெயர். அந்த ஒளி ரொம்பவும் மங்கலானது. ஆனால் வெள்ளி பூசிய ஓர் ஊசியின் நுனியைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பிடித்தால், நுனிக்கு அடியில் மட்டும் அது பல மடங்கு பெருகும். ஊசியை அப்படியே வரி வரியாக நகர்த்திக்கொண்டு போனால், எந்தப் புள்ளியில் எந்த வேதிப்பொருள் இருக்கிறது என்று படமே கிடைத்துவிடும்.

எல்லாம் சரிதான். ஊசிதான் தாங்காது. காலில் போட்ட கொலுசு கறுப்பதுபோல நுனியின் வெள்ளியும் காற்றுப் பட்டுக் கறுக்கும். கறுக்காமல் தப்பித்தால் உரசித் தேயும். ஒரு மணி நேரம் உழைத்தால் அதிகம். நல்ல படத்துக்கு ஒரு பகல் முழுக்க வேண்டும்.

ஆசீர் அந்த வெள்ளிக்கு மேல் அலுமினிய ஆக்சைடால் ஒரு மெல்லிய தோல் போர்த்தினான். கனமாகப் போர்த்தினால் ஒளி பெருகாது, மெலிதாகப் போர்த்தினால் வெள்ளி பிழைக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைத் தேடித்தான் நான்கு வருடம் போயிற்று. பூச்சு போடும் இயந்திரம் பெங்களூரில் இருந்தது. அதற்கு அனுமதி வாங்கி, ஊசிகளை ரயிலில் எடுத்துப் போய் ஒரு தொகுதிக்குப் பூச்சு போட்டு வந்ததில், ஒரே ஓர் ஊசி சரியாக அமைந்தது. அதை ஒரு நாள் காலையில் ஓடவிட்டான். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அது காலையில் இருந்த மாதிரியே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு துறைத்தலைவர் பானுமதியின் அறைக்கு ஓடினான்.

அவன் செய்த முதல் தவறு அது.

"எவ்வளவு நாள் உழைக்கும்?" என்று பானுமதி கேட்டார்.

"அது தெரியல மேடம். உடையிற வரைக்கும் ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

பானுமதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உடைக்கப் போறீங்களா?"

"உடைக்கல மேடம். அதா உடையிற வரைக்கும்..."

"நிலையத்துச் சொத்து ஆசீர். உடைஞ்சா விளக்கம் கேப்பாங்க. உங்ககிட்ட கேக்க மாட்டாங்க, எங்கிட்ட கேப்பாங்க. நீடிச்சு உழைக்கிற ஊசின்னு நீங்களே சொல்றீங்க. நீடிச்சு உழைக்கிறதைப் போய் யாராவது உடைச்சுப் பாப்பாங்களா?"

அது சொத்து என்ற செய்தி நிர்வாக அலுவலர் முருகானந்தத்துக்குப் போயிற்று. அவர் மறுநாளே வெள்ளை பெயின்ட்டும் தூரிகையுமாக ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிலையத்தின் எந்தச் சொத்தாக இருந்தாலும் அதன் மேல் எண் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. நாற்காலிக்கு இருந்தது. குப்பைத்தொட்டிக்கும் இருந்தது. வளாகத்தில் திரிந்த நாய்க்கு மட்டும் இல்லை, அது ஓடிவிட்டது.

"எங்க இருக்கு ஊசி?"

ஆசீர் பெட்டியைத் திறந்து காட்டினான். அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லு. அதன் ஓரத்தில், உற்றுப் பார்த்தால் தெரிகிற ஒரு மயிரிழை. அந்த மயிரிழையின் கோடியில் ஊசி. அது யார் கண்ணுக்கும் தெரியாது.

"இந்தக் குருணையா?"

"இல்ல சார். குருணை ஓரத்துல ஒரு இழை இருக்குல்ல, அதோட முனையில."

முருகானந்தம் குனிந்து பார்த்தார். பெயின்ட்காரரும் பார்த்தார். பெயின்ட்காரர் தூரிகையைப் பார்த்துக்கொண்டார்.

"பெட்டி மேல எழுதிடு," என்றார் முருகானந்தம்.

எழுதினார்கள். சொத்து எண் எதன் மேல் இருக்கிறதோ அதுதான் சொத்து என்பதால், அன்றிலிருந்து பெட்டியே நிலையத்தின் உயர்தர ஆய்வுக்கருவி ஆயிற்று. பெட்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்தார்கள். ஊசி, பெட்டியின் உள்ளடக்கம் என்ற அளவில் பொறுத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்து நீடுழைப்பு மதிப்பீட்டுக் குழு கூடியது. தலைவர் இயக்குநர் சௌந்தரவரதன். ஸ்ரீரங்கத்துக்காரர், சித்திரை வீதியில் வீடு. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். மனிதர் கெட்டவர் இல்லை. ஆராய்ச்சியை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால், ஆராய்ச்சியின் மேல் அவருக்கு அளவுகடந்த பக்தி வந்திருந்தது.

"இந்த ஊசியெல்லாம் இத்தனை நாளா ஏன் கெட்டுப் போயிண்டே இருந்தது?" என்று குழுவைப் பார்த்துக் கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "உபயோகம்! உபயோகந்தான் ஆயுசுக்கு சத்ரு. உபயோகத்தை நிறுத்தினா ஊசி தீர்க்காயுசா இருக்கும். இது சின்ன விஷயமா தோணும். ஆனா இத்தனை காலம் யாருக்கும் தோணலை பாருங்கோ."

குழுவினர் தலையாட்டினார்கள். ஆசீரும் ஆட்டினான். எல்லாரும் ஆட்டும்போது ஒருவன் மட்டும் ஆட்டாமல் இருந்தால் கழுத்து வலி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

குழுவின் முடிவு இது. ஊசியைக் கண்ணாடிக் கூண்டில் நைட்ரஜன் வாயுவுக்குள் வைக்க வேண்டும். குழு முழுவதும் கூடியிருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்தலாம். குழு கூடும்போது கூட்டம் நடக்கும் என்பதால், அப்போது பயன்படுத்தக் கூடாது.

"அப்ப இன்னொரு தொகுதி போட்டுக்கறேன் மேடம்," என்றான் ஆசீர், பானுமதியிடம்.

"இது எவ்வளவு காலம் வரும்னு தெரியாம இன்னொண்ணு எப்படிக் கேக்க முடியும்? முதல்ல இதோட ஆயுசைச் சொல்லுங்க."

"பயன்படுத்தினாதான மேடம் ஆயுசு தெரியும்?"

"பயன்படுத்தினா குறைஞ்சிடுமே. இது உடைஞ்சா மாத்து ஊசிக்கு அனுமதி உண்டு, விதியிலயே இருக்கு. ஆனா உடையக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. இதெல்லாம் புரிய ஆரம்பித்ததுதான் ஆசீருக்குப் பிடித்த கேடு.

இதில் மாட்டிக்கொண்டது அவன் மட்டுமில்லை. பக்கத்து மேசையில் இர்பானா இருந்தாள். அவளுடைய அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக் கடை. இலைப்புள்ளி நோய் வந்த இலைக்கட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் குப்பையில் எறிவதைப் பார்த்தே வளர்ந்தவள். புள்ளி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இலையின் மேல் இருக்கிற மெழுகில் ஏதோ மாறிவிடுகிறது என்பது அவளுடைய ஆய்வு.

"நல்ல இலையில தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடிடும்," என்பாள். "நோய் உள்ள போன இலையில, புள்ளி தெரியறதுக்கு முன்னாடியே, தண்ணி ஓடாது. பரவி ஒட்டிக்கும். ஏன்னு எனக்குத் தெரியணும் ஆசீர். அந்த மெழுகுல என்ன கெட்டுப் போச்சுன்னு ஒரே ஒரு படம். அது தெரிஞ்சா, தோப்பு போறதுக்கு முன்னாடியே மருந்து அடிச்சிடலாம்."

தொட்டியத்திலிருந்து கன்று கொண்டுவந்து, வளாகத்தின் பின்பக்கம் வலைக்கூண்டு போட்டு, வாழை வைத்திருந்தாள். பாதி மரங்களுக்கு நோயை ஏற்றி, மீதியைச் சும்மா விட்டிருந்தாள். ஒவ்வொரு இலையின் நடுநரம்பிலும் மார்க்கர் பேனாவால், நோய் ஏற்றிய மரமா இல்லையா என்று காட்டுகிற ஓர் எழுத்தும் எண்ணும் சின்னதாக இருக்கும். மரங்கள் இப்போதுதான் குலை தள்ளியிருந்தன. அவளுடைய உதவித்தொகை அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் கருவி பழுது என்று சான்று வேண்டும். கருவிதான் பழுதே ஆகாமல் கூண்டுக்குள் இருந்ததே!

சாதாரண ஊசியில் அவள் எடுத்த படங்களெல்லாம் பாதியில் கறுத்தன. ஆசீர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். "என் ஊசியிலதான் உன் படம். முதல் படம் உன்னதுதான்." யாரும் கேட்டு வாங்கிய வாக்கு இல்லை. டீ குடிக்கும்போது தானாகவே சொன்னது. அதனால்தான் பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் முகம் சுட்டது.

ஊசி கூண்டில் மாதக்கணக்காகச் சௌக்கியமாக இருந்ததை ஒட்டி, நீடுழைப்பு விழா அறிவிக்கப்பட்டது. டெல்லியிலிருந்து ஆலோசகர் ஒருவர் வருகிறார். விழாவை நிலையத்தின் பேரரங்கத்தில்தான் நடத்தியிருக்க வேண்டும். திறப்புவிழா கண்ட மறுமழையிலேயே அதன் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டதால், நீண்டநாள் உழைப்பைக் கொண்டாடும் விழாவை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். இயக்குநர் வீட்டுக்கு நடக்கிற தூரம் என்பது தற்செயல்.

"ஊசியை ஜாக்கிரதையா எழுந்தருளப் பண்ணணும்," என்று உத்தரவு வந்தது.

விழா நாள் காலையில் ஆசீர் காரின் பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முன்னால் பாதுகாவலர்களின் ஜீப், பின்னால் பெட்டியின் இன்சூரன்ஸ்காரரின் ஸ்கூட்டர். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி நின்று, பாதுகாவலர் ஒருவர் இறங்கிவந்து, "ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். காவிரிப் பாலத்தில் நெரிசல். பக்கத்தில் நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "என்னப்பா அது, நகையா?" என்றார்.

"ஊசிம்மா."

"ஊசிக்கா இம்புட்டு போலீசு?" என்று கேட்டுவிட்டு அவர் கீழே ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஆசீர் பெட்டியின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினான்.

மண்டப வாசலில் இருபுறமும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தது. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாழைமரத்துக்குப் பக்கத்தில் இர்பானா நின்றிருந்தாள். கல்யாணத்துக்கு வந்தவள் வாசலில் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

"ஆசீர், இது என் மரம்," என்றாள்.

அவன் பார்த்தான். இலையின் நடுநரம்பில் மார்க்கர் எழுத்து தெரிந்தது.

"விடியக்காலம் வெட்டிட்டாங்களாம். எல்லாத்தையும். வெளியில வாங்கினா செலவுன்னு." அவள் அழவில்லை. வேகமாகப் பேசினாள். "இன்னும் இலை வாடல. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். நான் துண்டு வெட்டி ஈரத்துணியில சுத்தி வெச்சிட்டேன். விழா முடிஞ்ச உடனே ஊசியோட துவாக்குடி போயிட்டா, இன்னிக்கே படம் எடுத்துடலாம். இயக்குநர்கிட்ட அனுமதி கேக்கணும், அவ்வளவுதான். மேடையில உன்னை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க. டெல்லிக்காரர் முன்னாடி கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டார். கேப்பியா?"

"கேக்கறேன்."

"நிச்சயமா?"

"கேக்கறேன் இர்பானா. என்ன ஆனாலும் கேக்கறேன்."

உள்ளே முதல் வரிசையில் சவரிராயன் உட்கார்ந்திருந்தார். ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. மகனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் உட்கார்ந்தார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பெட்டிக்கு மாலை போட்டார்கள். முதலில் முருகானந்தம் பேசினார்.

"ஆராய்ச்சின்னா செலவுன்னு ஒரு எண்ணம் இருக்கு. நம்ம நிலையத்துல கருவி வாங்குறதோட செலவு முடிஞ்சிடும். பயன்படுத்தி வீணாக்குறதில்ல. இன்னொரு உதாரணம் சொல்றேன். வாசல்ல வாழைமரம் பாத்தீங்களா? வெளியில வாங்கல. நம்ம வளாகத்துலயே சும்மா நின்னுது. யாரோ வலையெல்லாம் கட்டி ரொம்ப பத்திரமா வளத்திருந்தாங்க. யாருன்னு விசாரிக்க நேரமில்ல. அவங்களுக்கும் நன்றி. முதல் பந்திக்கு இலையும் அதுலேர்ந்துதான்."

பலமான கைதட்டல். ஆசீர் மேடையிலிருந்து இர்பானாவைப் பார்த்தான். அவள் கடைசி வரிசையில், மடியில் ஈரத்துணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, கைதட்டாமல் இருந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவளைப் பார்த்து, நீயும் தட்டு என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

பிறகு இயக்குநர் எழுந்தார்.

"அடியேன் இந்த ஸ்தாபனத்துக்கு வந்தப்போ இங்கே ஊசி ஒரு மணி நேரம் தாங்காது. இப்போ பாருங்கோ. மாசக்கணக்கா ஒரு தேய்மானம் கிடையாது, ஒரு கறுப்பு கிடையாது. வெளிநாட்டிலே பெரிய பெரிய லேப்லேகூட இப்படி இல்லே. ஏன்னா அவாள்ளாம் வேலை பண்ணிண்டிருக்கா. நாம ரக்ஷிச்சிண்டிருக்கோம். விஞ்ஞானத்திலே கண்டுபிடிக்கிறது பெரிசில்லே. கண்டுபிடிச்சதை யார் கையிலும் சிக்காம வெச்சுக்கணுமே, அதுதான் பெரிசு!"

சொல்லிவிட்டுப் பொன்னாடையை எடுத்து ஆசீரின் தோளில் போர்த்தினார். போர்த்தும்போது காதருகே குனிந்து, "உன் ஆர்டர் அடுத்த வாரம் கையெழுத்தாயிடும். பர்மனன்ட். பெருமாள் கிருபை," என்றார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால், பர்மனன்ட் என்ற வார்த்தை மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. சவரிராயன் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

ஆசீரிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காரில் வரும்போதே தயார் செய்திருந்தான். இல்லை, பல மாதங்களாகவே தயாராக வைத்திருந்தான். சார், இந்த ஊசியை இன்றைக்கு மாலை பயன்படுத்த அனுமதி வேண்டும். அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அவன் மூச்சை இழுத்தான்.

"இயக்குநர் சாருக்கு நன்றி," என்றான். "பானுமதி மேடத்துக்கு நன்றி. நிர்வாக அலுவலர் சாருக்கு நன்றி. எங்கப்பாவுக்கு நன்றி."

இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று யோசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றான். மைக் இரைந்தது. கடைசி வரிசையை அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தான். அப்படியே போய் உட்கார்ந்தான். பொன்னாடை கழுத்தில் குத்தியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் விழா முடிந்ததும் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். தனியாகக் கேட்டால் இன்னும் மரியாதையாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

டெல்லி ஆலோசகர் பேச எழுந்தவர், பேசுவதற்கு முன்னால், "அந்த ஊசியைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார். இயக்குநர் தன் கையாலேயே பெட்டியைத் திறந்தார். ஆலோசகர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"எங்கே? இதுவா?"

கேட்டுக்கொண்டே ஆள்காட்டி விரலால் தொட்டார். தொட்டது மட்டுமில்லை, அப்பளம் பொரிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல லேசாக அழுத்தியும் பார்த்தார்.

ஆசீர் பாதி எழுந்துவிட்டான். பெட்டி கைநீட்டுகிற தூரத்தில்தான் இருந்ததால், அவன் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. குருணை இருந்தது. ஓரத்தில் இருந்த மயிரிழை இல்லை. மயிரிழையின் கோடியில் இருந்த நான்கு வருடம் இல்லை. அது ஆலோசகரின் விரல்நுனியில் எங்கேயோ ஒட்டியிருந்தது. அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நல்ல திடமா இருக்கு," என்றார்.

மண்டபம் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தபோது ஒருத்தி மட்டும் எழுந்து நின்றிருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க முடியாது. ஆனால் ஆசீரின் முகம் தெரிந்தது.

இயக்குநரும் அவன் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே மைக்கை அவன் வாயருகே நீட்டினார். "ஒண்ணும் ஆகலையே ஆசீர்?"

இந்த இடத்தில் விதியை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆசீரும் நினைத்துப் பார்த்தான். உடைந்தது என்று சொன்னால், மாற்று ஊசிக்கு அனுமதி உண்டு. கருவி பழுது என்று சான்று வரும், இர்பானாவுக்கு உதவித்தொகை நீளும். மறுபடியும் கன்று வைக்கலாம். எல்லா வழியும் திறக்க ஒரே ஒரு வார்த்தை போதும். மண்டபத்தில் யாருக்கும் அவ்வளவு நல்ல வாய்ப்பு அன்றைக்குக் கிடைக்கவில்லை. முதல் வரிசையில் அப்பா, மகன் என்ன சொல்லப்போகிறான் என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆகல சார்," என்றான் ஆசீர்.

இர்பானா உட்கார்ந்தாள்.

அந்த மகிழ்ச்சியிலேயே இயக்குநர் ஓர் அறிவிப்புச் செய்தார். மனித விரலையும் தாங்கிய உலகின் முதல் ஊசி என்பதால், அது இனி நிரந்தரமாகக் கூண்டிலேயே இருக்கும். மாற்று ஊசி தேவைப்படாது. ஊசியைக் காக்கும் பொறுப்பு ஆசீருக்கு.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். முதல் பந்தியில் ஆசீரை இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சவரிராயன் எதிர் வரிசையில், வேறு துறைக்காரர் ஒருவரிடம், "என் மகன்தாங்க, ஊசி பண்ணினவன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் இரண்டு இலை தள்ளி இர்பானா உட்கார்ந்திருந்தாள். ஆய்வு மாணவர்கள் எல்லாரும் முதல் பந்தியில் உட்கார வேண்டும், படம் எடுக்கிறார்கள் என்று முருகானந்தம் பிடித்து உட்கார வைத்திருந்தார்.

ஆசீருக்கு முன்னால் இலையைப் போட்டார்கள். நடுநரம்பின் அடியில் சின்ன எழுத்து. நோய் ஏற்றிய மரத்தின் எழுத்து. இலையில் ஒரு புள்ளிகூட இல்லை, பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தது.

டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கையில் ஊற்றித் தெளித்தான். பக்கத்தில் இயக்குநரும் தெளித்தார். அவருடைய இலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓரத்துக்கு ஓடியது. ஆசீருடைய இலையில் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே பரவி, ஒட்டிக்கொண்டு, மண்டபத்தின் விளக்குகளைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அவள் சொன்னது அத்தனையும் சரி. அதற்கு ஊசிகூட வேண்டியிருக்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் ஊசி வேண்டியிருந்தது.

நிமிர்ந்தான். இர்பானா அவனைப் பார்க்கவில்லை. அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது, நிஜமான சந்தோஷம். அதைப் பார்த்தபோதுதான் ஆசீருக்கு உண்மையிலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. பிறகு அவள் தன் இலையைச் சுருட்டி, ஈரத்துணிப் பொட்டலத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்து போனாள். போட்டோக்காரர் அந்தக் காலி இடத்தில் வேறு ஒருவரை உட்கார வைத்தார்.

பரிமாற வந்தவர் குனிந்து ஆசீரின் இலையைப் பார்த்தார். தண்ணீர் அப்படியே நின்றது.

"என்ன சார், தண்ணி இறங்க மாட்டேங்குது? இலை சரியில்லையா? மாத்திப் போடட்டுங்களா?"

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். எதிரே சவரிராயனும் பார்த்தார்.

"வேண்டாங்க," என்றான் ஆசீர். "இலை நல்லாத்தான் இருக்கு."

உள்ளங்கையால் அந்தத் தண்ணீரை வழித்துத் தள்ளினான். இரண்டு மூன்று தரம் வழிக்க வேண்டியிருந்தது. பரிமாறுகிறவர் இலையின் மூலையில் கொஞ்சம் உப்பை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.